கரண்ட் போனாலும் தண்ணீர் தொட்டிக்குள் நிற்க வேண்டும்: கடல்நீர் மீன்தொட்டிக்கு வீட்டில் செய்யும் துளைக்குழாய்

2022 மார்ச் மாதக் கடைசி. நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு என்று அறிவித்திருந்தார்கள். கல்முனையில் எங்கள் வீட்டு முன்னறையில் நான்கடி நீளத்தில் ஒரு கடல்நீர் மீன்தொட்டி இருக்கிறது. அன்றிரவு கரண்ட் போனபோது நான் எழும்பிப் பார்க்கவில்லை. வழமைதானே என்று புரண்டு படுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் உம்மாவின் சத்தம் கேட்டது. இருட்டில் கட்டிலிலிருந்து காலை இறக்கியவர் தண்ணீரில் மிதித்திருக்கிறார். விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார். உப்பு.

“மகன், கடல் வந்திட்டு” என்றார்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்பாறைக் கரையோரத்தில் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று இந்தக் கரையில் அந்தத் தண்ணீரை அறியாத குடும்பம் இல்லை. உம்மா அன்று தப்பியவர். பதினேழு வருடம் கழித்து அவரை மறுபடி உப்புத் தண்ணீரில் நிற்க வைத்தது நான் அளவு பார்க்காமல் செய்த ஒரு பிவிசி குழாய்.

அந்தக் குழாயை எப்படிச் செய்யக்கூடாது, எப்படிச் செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. வீட்டில் கடல்மீன் வளர்ப்போருக்கும், சின்னதாக மீன்தொட்டி வியாபாரம் தொடங்க நினைப்போருக்கும், கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊர்களில் இருப்போருக்கும் இது உதவும்.

துளைக்குழாய் என்றால் என்ன?

கடல்நீர்த் தொட்டிகளில் பெரும்பாலும் இரண்டு தொட்டிகள் இருக்கும். மேலே மீன் இருக்கும் காட்சித் தொட்டி. கீழே, மேசைக்குள், வடிகட்டி வேலை நடக்கும் கீழ்த்தொட்டி. மேல் தொட்டியில் வழியும் தண்ணீர் ஒரு குழாயால் கீழே இறங்கும். வடிகட்டிய தண்ணீரைக் கீழே இருக்கும் பம்ப் திரும்ப மேலே தள்ளும். அப்படித் திரும்பி வரும் தண்ணீரை ஒரே வாயால் கொட்டாமல், தொட்டியின் நீளத்துக்குப் படுத்திருக்கும் ஒரு குழாயில் வரிசையாகத் துளை போட்டுப் பரவலாக விடுவதுதான் துளைக்குழாய். மீன் கடைகளில் ‘ஸ்பிரே பார்’ என்று கேட்டால் தெரியும்.

ஒரே வாயால் கொட்டினால் அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் கொந்தளிக்கும். மற்ற மூலையில் அழுக்குப் படியும். துளைக்குழாய் முழு நீளத்துக்கும் நீர்மட்டத்தை மெல்ல அசைத்துக்கொண்டிருக்கும். மீனுக்கு வேண்டிய ஒட்சிசன் தண்ணீரில் சேர்வதும், மீன் வெளிவிடும் காபனீரொட்சைட்டு வெளியேறுவதும் இந்த மேற்பரப்பில்தான். குமிழி வருவதைவிட மேற்பரப்பு அசைவதுதான் முக்கியம்.

எங்கள் வெப்பத்தில் இது இன்னும் முக்கியமாகிறது. 28 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நன்னீர் சுமார் 7.8 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். அதே வெப்பத்தில் கடல்நீர் சுமார் 6.4 மில்லிகிராம்தான் வைத்திருக்கும். சூடு கூடக்கூட அந்த அளவு குறையும். மீனின் தேவையோ கூடும். நன்னீர்த் தொட்டியில் மன்னிக்கப்படும் தவறு கடல்நீரில் மன்னிக்கப்படாது.

முதலில் பம்பை அளவுங்கள்

பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை நம்பிக் குழாய் வெட்டாதீர்கள். மணித்தியாலத்துக்கு 2000 லீற்றர் என்று போட்டிருந்தால், அது உயரத்துக்குத் தள்ளாமல் இருக்கும்போது கிடைக்கும் அளவு. நாலடி உயரம் ஏற்றும்போது அது பாதியாகவும் குறையலாம்.

அளப்பது சுலபம். பம்பைக் கீழே வைத்து, குழாயை மேல் தொட்டியின் உயரத்துக்குப் பிடித்து, 10 லீற்றர் வாளியில் விடுங்கள். 30 செக்கனில் நிரம்பினால் மணித்தியாலத்துக்கு 1200 லீற்றர். என் தொட்டி 120 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம், 45 உயரம். கல்லும் மணலும் போக ஏறத்தாழ 200 லீற்றர் தண்ணீர். ஆக மணித்தியாலத்துக்கு ஆறு தடவை முழுத் தண்ணீரும் சுற்றுகிறது. கீழ்த்தொட்டி வழியாக மூன்று முதல் ஆறு தடவை சுற்றினால் போதும். அதற்கு மேல் நீரோட்டம் வேண்டுமானால் தொட்டிக்குள் தனியாகச் சின்ன விசிறிப் பம்ப் வைப்பதே நல்லது.

துளைக் கணக்கு

பள்ளிவாசலில் வுழூச் செய்யும் குழாய் வரிசையை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேர் திறந்தால் தண்ணீர் பாய்ந்து வரும். ஜும்ஆ நேரம் எல்லாரும் ஒன்றாகத் திறந்தால் எல்லாருக்கும் நூலாக ஒழுகும். துளைக்குழாயிலும் இதே சங்கதிதான். எல்லாத் துளைகளின் வாயையும் கூட்டினால் வரும் பரப்பு, குழாயின் வாய்ப் பரப்பைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும்.

நான் பயன்படுத்தியது முக்கால் அங்குலக் குழாய். உள்விட்டத்தை அளந்தேன்: 21 மில்லிமீற்றர். அதன் வாய்ப் பரப்பு சுமார் 346 சதுர மில்லிமீற்றர். 5 மில்லிமீற்றர் துளை ஒன்றின் பரப்பு 19.6. பதினாறு துளைக்கு 314. இது சரியான அளவு. அதே பதினாறு துளையை 8 மில்லிமீற்றரில் போட்டிருந்தால் 800ஐத் தாண்டும். தண்ணீர் பாயாமல் வழியும். துளை மிகச் சிறிதானாலும் கூடாது. 2 மில்லிமீற்றர் துளை ஒரு மாதத்தில் பாசியாலும் சுண்ணாம்புப் படிவாலும் அடைபடும், பம்புக்கும் பாரம்.

இன்னொரு விசயம் பலரைக் குழப்பும். குழாயின் ஒரு முனையில் தண்ணீரை விட்டு மறுமுனையை மூடினால், மூடிய முனையில்தான் தண்ணீர் வேகமாகப் பீச்சும். நுழையும் பக்கத்துத் துளைகளைத் தண்ணீர் வேகமாகக் கடந்து ஓடுகிறது. மூடிய முனையில் வந்து முட்டி நிற்கும்போது அந்த வேகம் அழுத்தமாக மாறுகிறது. இதற்கு வழி, நடுவில் ஒரு டீ போட்டு அங்கே தண்ணீரை ஏற்றி இரண்டு பக்கமும் பிரித்து விடுவது. ஒவ்வொரு கையிலும் ஓடும் வேகம் பாதியாகும். வேகத்தால் வரும் அழுத்த வேறுபாடு நான்கில் ஒரு பங்காகிவிடும். பதினாறு துளையிலும் ஏறத்தாழ ஒரே பாய்ச்சல் கிடைக்கும்.

தேவையானவை

ஹாட்வெயார் கடை ஒன்றிலேயே எல்லாம் கிடைக்கும்: முக்கால் அங்குல பிவிசி தண்ணீர்க் குழாய், ஒரு டீ, இரண்டு எண்ட் கெப், தேவைக்கு எல்போ, ஒரு போல் வால்வு, சின்னப் போத்தல் பிவிசி கம், 3 மற்றும் 5 மில்லிமீற்றர் டிரில் பிட், மணல் தாள், தங்கூசி. யாழ்ப்பாணத்தில் தடைக்காலத்தில் ஜாம் போத்தலில் விளக்கு எரித்து, சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்ட சனத்துக்கு இது பெரிய வேலையல்ல.

ஆனால் எந்தக் குழாயையும் எடுத்துவிட முடியாது. வயலுக்கு மருந்தடிக்கப் பாவித்த பழைய குழாய் வேண்டாம்; கழுவினாலும் நஞ்சு முழுவதும் போனதா என்று கண்ணால் தெரியாது. கரண்ட் வயர் ஓடும் மெல்லிய குழாயும் வேண்டாம். அது தண்ணீர் அழுத்தத்துக்குச் செய்ததல்ல. பித்தளை, செம்பு, இரும்பில் செய்த கிளிப்போ ஆணியோ தொட்டிப் பக்கமே வரக்கூடாது. உப்புநீரில் அவை அரித்துப் போகும். செம்பு கரைந்தால் இறால், நத்தை, கடற்சாமந்தி போன்ற முதுகெலும்பில்லாதவை மிகச் சிறிய அளவிலேயே செத்துவிடும். கட்டுவதற்குத் தங்கூசியே போதும்.

செய்யும் முறை

1. 50 சென்ரிமீற்றர் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். டீயின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. 120 சென்ரிமீற்றர் தொட்டிக்கு இது போதும். இரண்டு முனையிலும் கை போகும் இடைவெளி இருக்கும்.

2. துளை வரிசை நேராக வர வேண்டும். குழாயின் மேல் அச்சடித்திருக்கும் எழுத்து வரிசை நேர்கோட்டில்தான் ஓடும். அதையே கோடாக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில்லாவிட்டால் ஒரு நூலை இரண்டு முனைக்கும் இறுக்கிப் பிடித்துப் பென்சிலால் குறியுங்கள்.

3. டீயிலிருந்து 4 சென்ரிமீற்றர் விட்டு, பிறகு 6 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக, ஒரு கைக்கு எட்டுத் துளை. முதலில் 3 மில்லிமீற்றர் பிட்டால் துளைத்து, பிறகு 5ஆல் பெரிதாக்குங்கள். நேரடியாக 5ஐ வைத்தால் பிட் வழுக்கும், வரிசை கோணலாகும்.

4. டிரில் இல்லை என்று கம்பியைக் காய்ச்சித் துளை போட வேண்டாம். பிவிசி எரியும்போது வரும் புகையில் ஐதரசன் குளோரைட்டு இருக்கும். அது நெஞ்சை அரிக்கும் வாயு. பக்கத்துத் தச்சரிடமோ வெல்டிங் கடையிலோ கொடுத்துத் துளைத்துக்கொள்ளுங்கள்.

5. துளைகளின் உள்ளும் புறமும் மணல் தாளால் தேயுங்கள். பிவிசித் தூள் ஒன்றுகூட உள்ளே நிற்கக்கூடாது. பிறகு குழாயை நன்னீரில் அலசுங்கள்.

6. தொட்டிக்குள் இருக்கும் பகுதிக்குக் கம் போட வேண்டாம். அழுத்திச் செருகித் தங்கூசியால் கட்டினால் போதும். அங்கே ஒழுகினாலும் தொட்டிக்குள்தான் ஒழுகும்; கழற்றிக் கழுவவும் சுலபம். தொட்டிக்கு வெளியே, பம்பிலிருந்து ஏறும் குழாயின் மூட்டுகளுக்கு மட்டும் கம் போடுங்கள். கம் போடும்போது கதவு யன்னல் திறந்திருக்கட்டும். ஒரு முழு நாள் காயவிட்டு, நன்னீரை ஓடவிட்டுக் கழுவிய பிறகே தொட்டியில் பூட்ட வேண்டும்.

7. போல் வால்வைப் பம்புக்கு மேலே, கை எட்டும் இடத்தில் வையுங்கள். பாய்ச்சலைக் குறைக்கவும் பம்பைக் கழற்றும்போது மூடவும் உதவும்.

எந்த உயரத்தில் பூட்டுவது?

நான் விட்ட பிழை இங்கேதான். முதல் குழாயை ‘அழகாகத் தெரியக்கூடாது, கீழே இருக்கட்டும்’ என்று நீர்மட்டத்திலிருந்து 12 சென்ரிமீற்றர் ஆழத்தில் பூட்டினேன். பம்ப் ஓடும் வரை ஒரு குறையும் இல்லை.

கரண்ட் போய்ப் பம்ப் நின்றதும் குழாய்க்குள் இருந்த தண்ணீர் திரும்பிக் கீழே இறங்கத் தொடங்கியது. வாகனத் தாங்கியிலிருந்து றப்பர்க் குழாயால் பெற்றோல் உறிஞ்சி எடுக்கும் அதே முறை. துளைகள் காற்றை உறிஞ்சும் மட்டும், அதாவது நீர்மட்டம் துளை வரை இறங்கும் மட்டும் அது நிற்காது.

கணக்கைப் பாருங்கள். 120க்கு 45 சென்ரிமீற்றர் தொட்டியில் ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்கு 5.4 லீற்றர் தண்ணீர். 12 சென்ரிமீற்றருக்குச் சுமார் 65 லீற்றர். என் கீழ்த்தொட்டி 60க்கு 35, உயரம் 35. அதில் தண்ணீர் 20 சென்ரிமீற்றர் நின்றால் மேலே மிஞ்சும் இடம் 31 லீற்றர் சொச்சம். மீதி 33 லீற்றருக்கு மேல் தரையில். அதைத்தான் உம்மா மிதித்தார். ஒரு காகிதத்தில் இரண்டு பெருக்கல் போட்டிருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

கரண்ட் திரும்பியபோது இன்னொரு பிரச்சினை. தரைக்குப் போன தண்ணீர் போக, மேல் தொட்டியை நிரப்பக் கீழே போதிய தண்ணீர் இல்லை. பம்ப் காற்றை உறிஞ்சிச் சத்தம் போட்டது. நான் பக்கத்தில் இருந்ததால் நிறுத்தினேன். இல்லாவிட்டால் பம்பும் கருகியிருக்கும்.

இப்போது துளைகள் நீர்மட்டத்துக்கு ஒன்றரைச் சென்ரிமீற்றர் கீழேதான் இருக்கின்றன. கரண்ட் போனால் சுமார் 8 லீற்றர் இறங்கும். கீழ்த்தொட்டியில் மட்டம் நாலு சென்ரிமீற்றர் உயர்ந்து நின்றுவிடும். துளைகளைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து வைத்தால் மேற்பரப்பு நன்றாக அசையும். நீர்மட்டத்துக்கு மேலே தூக்கி மழைபோல் விழவிட வேண்டாம். உப்புத் தூவானம் பறந்து மூடி, விளக்கு, வயர் எல்லாவற்றிலும் உப்புப் பூக்கும்.

குழாயை ஆழத்தில் வைத்தே ஆக வேண்டும் என்போர், தொட்டிக்குள் இறங்கும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 4 மில்லிமீற்றரில் இரண்டு காற்றுத் துளை போட வேண்டும். நீர் அந்த மட்டத்துக்கு இறங்கியதும் அவை காற்றை உறிஞ்சி ஓட்டத்தை முறிக்கும். சின்னத் துளை மெதுவாகத்தான் முறிக்கும். அது முடியும் வரை தண்ணீர் இறங்கும். ஒன்று அடைபட்டால் மற்றது இருக்கட்டும் என்றுதான் இரண்டு. ஒருவழி வால்வை மட்டும் நம்பாதீர்கள். ஒரு நத்தைக் குஞ்சோ உப்புக் கட்டியோ இடையில் நின்றால் அது மூடாது.

மூடிய கனிஸ்டர் வடிகட்டியில் துளைக்குழாய் பூட்டுவோருக்கு இந்த வழிதல் பிரச்சினை இல்லை. துளைக் கணக்கு அவர்களுக்கும் அதேதான்.

மீன் விடுமுன் ஒரு சோதனை

எல்லாம் பூட்டித் தண்ணீர் நிரப்பியதும், மீன் விடுமுன், பகலில், பக்கத்தில் நின்றுகொண்டு பிளக்கைக் கழற்றுங்கள். கீழ்த்தொட்டியில் தண்ணீர் ஏறி நிற்கும் வரை பாருங்கள். வழியவில்லை என்றால் திரும்பப் போட்டு, ஓடும்போது உள்ள மட்டத்துக்கு இரண்டு சென்ரிமீற்றர் மேலே ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். தண்ணீர் ஆவியாகிக் குறையும்போது நிரப்புவோம் அல்லவா? நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே நிற்கும். குழாய்த் தண்ணீரென்றால் ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போன பிறகு ஊற்றுங்கள். எவ்வளவு ஊற்றினாலும் பம்ப் ஓடும்போது மட்டம் அந்தச் சிவப்புக் கோட்டைத் தாண்டக்கூடாது.

பம்பின் வயர் பிளக்குக்கு வருமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். அப்போது வயரில் வழியும் துளி அந்தத் தொங்கலில் சொட்டும், பிளக்குக்குள் போகாது. வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். உப்புநீர் நன்னீரைவிட எத்தனையோ மடங்கு நன்றாகக் கரண்டைக் கடத்தும். தொட்டிக்குள் கை வைக்குமுன் பிளக்கைக் கழற்றுவது பழக்கமாக வேண்டும்.

பராமரிப்பு

மாதத்துக்கு ஒருமுறை குழாயைக் கழற்றுங்கள். வெள்ளையாகப் படிந்திருப்பது கல்சியம். பாதி வினாகிரி, பாதித் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட்டால் கரையும். போத்தல் கழுவும் பிரஷ்ஷால் உள்ளே தேய்த்து நன்னீரில் அலசுங்கள். சவர்க்காரம் பாவிக்க வேண்டாம். காற்றுத் துளைகளைக் கிழமைக்கு ஒருமுறை பல் குத்தும் குச்சியால் குத்திப் பாருங்கள்.

எங்கள் கரையில் கடல்நீர் எடுத்துப் பாவிப்போர் காலம் பார்க்க வேண்டும். வடகீழ்ப் பருவமழையில் கடல் கலங்கும். முகத்துவாரங்களால் வெள்ளநீர் கலந்து உப்பும் குறையும். அந்தத் தண்ணீரில் வரும் சேறு துளைகளை அடைக்கும். கடல் அமைதியான நாளில், முகத்துவாரத்துக்குத் தூரமாக, அலை முறியும் இடத்துக்கு அப்பால் படகுக்காரர்களிடம் சொல்லி எடுப்பிக்கலாம். துணியில் வடித்து, மூடி வைத்துத் தெளியவிட்டு, அடர்த்தி 1.023க்கும் 1.026க்கும் இடையில் இருக்கிறதா என்று அளந்து ஊற்றுங்கள்.

நீண்ட மின்வெட்டில்

துளைக்குழாய் எவ்வளவு திறமாகச் செய்தாலும் கரண்ட் இல்லாவிட்டால் அது வெறும் குழாய்தான். பட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்று வைத்திருங்கள். அதுவும் இல்லாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் ஜக்கால் தொட்டித் தண்ணீரை அள்ளி, ஓரடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து ஜக். அந்த நேரம் தீன் போட வேண்டாம். தின்ற மீனுக்கு ஒட்சிசன் கூட வேண்டும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே ஊற்றத் தொடங்குங்கள். 2022இல் நானும் பிள்ளைகளும் முறை வைத்து ஊற்றியிருக்கிறோம்.

அந்த இரவுக்குப் பிறகு தொட்டியை விற்றுவிடலாம் என்று உம்மாவிடம் சொன்னேன். “மீனுகள் என்ன செஞ்ச? தண்ணி வெளிய வரப்படா, அவ்வளவுதான்” என்றார். அடுத்த நாள் காலை குழாயைக் கழற்றி, அளவுகோலும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புதிய குழாய் பூட்டிச் சோதித்த அன்று அவரையும் கதிரை போட்டு உட்கார வைத்துத்தான் பிளக்கைக் கழற்றினேன். தண்ணீர் ஏறி நாலு சென்ரிமீற்றரில் நிற்பதை அவர் பார்த்தார்.

இப்போது படுக்கப் போகுமுன் கீழ்த்தொட்டிக்கு டோர்ச் அடித்துச் சிவப்புக் கோட்டைப் பார்ப்பது உம்மாதான். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இருந்தால் ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துவிடுவார்.